துவக்க வேளைக்குச் சலுகை எதற்கு?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலால் இயங்கும் ஒரு கணிப்பொறி, விசையைத் தட்டியது முதல் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்பது வரையிலான சில விநாடிகளில், தன் உறுப்புகளை ஒவ்வொன்றாக எழுப்பிச் சரிபார்த்துக்கொண்டே போகிறது; அவ்வாறு போகையில் நூற்றுக்கணக்கான வரிகளைத் திரையில் ஓடவிடுகிறது. அந்த வரிகளின் நடுவே, உறங்கக்கூடிய ஒரு காரியம் உறங்கத் தகாத இடத்திலிருந்து அழைக்கப்பட்டது என்று பொருள்படும் ஒரு வாக்கியம், 'பக்' என்ற முத்திரையோடு சில சமயம் தோன்றி மறைவதுண்டு. அதைத் தொடர்ந்து எண்களும் பெயர்களும் கலந்த பத்திருபது வரிகள் வரும். பிறகு எதுவுமே நடவாதது போல இயந்திரம் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். கெர்னலோடு பழகும் பொறியாளர்களிலேயே பலர், அந்த வாக்கியத்தைப் பார்த்துவிட்டு, 'அதுதான் பூட் ஆகிவிட்டதே' என்று விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். ஆரம்பக் கட்டத்தில் எல்லாம் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும், எழுந்து நின்ற பிறகு நடப்பதுதான் முக்கியம் என்பது அவர்களுடைய வாதம். இந்த வாதம் தவறு என்பதும், துவக்க வேளைக்கென்று தனிச் சலுகை கேட்பது கெர்னல் எழுதுவோரிடம் நெடுங்காலமாக ஊறிப்போன ஒரு துர்ப்பழக்கம் என்பதும் என் அபிப்பிராயம்.

பொறியாளர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய இந்த விவகாரத்தில் பத்திரிகை படிக்கும் சாமானியருக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றின் அடியிலும் இருப்பது லினக்ஸ் கெர்னல். வலைத்தளங்களைத் தாங்கும் சர்வர்களிலும், வீட்டு மூலையில் கண்சிமிட்டும் வைஃபை ரூட்டர்களிலும் பெரும்பாலும் அதுவே. இவற்றில் ஏதேனும் ஒன்று, எத்தனையோ முறை ஒழுங்காக எழுந்துவிட்டு, ஒரு நாள் காலையில் மட்டும் நிறுவனத்தின் சின்னத்தைக் காட்டியபடியே உறைந்து நின்று, மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுத்ததும் ஒன்றும் அறியாததுபோல் எழுந்து வருவதைக் கண்டிராதவர் அநேகமாக இருக்க முடியாது. அத்தகைய உறைவுகள் அத்தனைக்கும் நான் சொல்லப்போகும் பிழையே காரணம் என்று சாதிக்க வரவில்லை. அப்படிப்பட்ட உறைவை உண்டாக்க வல்ல பிழைகளுள் இதுவும் ஒன்று. அதிலும், மற்றப் பிழைகள் பலவற்றைப் போல ஒளிந்திராமல், கேட்பாருக்கு முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடும் பிழை. சொல்லியும் கேளாதிருப்பதுதான் எனக்குச் சகிக்கவில்லை.

கெர்னலில் உறங்குவது குற்றமன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வட்டிலிருந்து வரவேண்டிய தரவுக்காகவோ, வேறொரு பணியின் கையில் இருக்கும் பூட்டுக்காகவோ, காலியான நினைவகத்துக்காகவோ காத்திருக்க நேரும் ஒரு பணி, வீணே பிராசசரை அடைத்துக்கொண்டிராமல் ஒதுங்கிக்கொண்டு, தான் காத்திருந்த பொருள் வந்ததும் எழுப்பப்படுவதே அங்கே உறக்கம் எனப்படுகிறது. அந்த இடைவேளையில் ஷெட்யூலர் என்னும் பகுதி பிராசசரை வேறொரு பணிக்கு அளித்துவிடுகிறது. எண்ணற்ற பணிகள் ஏககாலத்தில் நடப்பது போன்ற தோற்றம் இந்த ஒழுங்கான உறக்கத்தினால்தான் சாத்தியமாகிறது. ஆனால் உறங்கவே கூடாத சந்தர்ப்பங்கள் சில உண்டு. ஸ்பின்லாக் என்னும் பூட்டைக் கையில் வைத்திருக்கும் வேளை ஒன்று. இண்டரப்ட் எனப்படும் குறுக்கீடுகளை அடைத்துவைத்திருக்கும் வேளை மற்றொன்று. ஏதோ ஒரு சாதனம் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த ஹேண்ட்லர் தன் அவசர வேலையைச் செய்துகொண்டிருக்கும் வேளை இன்னொன்று. தொடங்கியதை இடையில் விடாமல் முடித்தே தீரவேண்டிய இந்த நிலைகளையெல்லாம் சேர்த்து அட்டாமிக் நிலை என்கிறார்கள்.

ஸ்பின்லாக்கின் இயல்பு விசித்திரமானது. அதற்காகக் காத்திருக்கும் பணி ஒதுங்கி நிற்பதில்லை. திறந்ததா, திறந்ததா என்று ஒரே இடத்தில் சுழன்று கேட்டுக்கொண்டே தன் பிராசசரின் நேரம் முழுவதையும் செலவிடுகிறது. பூட்டு கண்ணிமைக்கும் நேரத்திலும் சிறிய நேரத்தில் திறந்துவிடும் என்ற நம்பிக்கை ஒன்றினால்தான் இந்த விரயம் நியாயமாகிறது. பூட்டை வைத்திருப்பவர் உறங்கிவிட்டால், ரயில்வே கேட்டை இறக்கிவிட்டுக் கேட்கீப்பர் கண்ணயர்ந்த கதைதான்: இருபுறமும் வண்டிகள் எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்கும், ரயில் எப்போதோ போயிருக்கும். அதனினும் மோசமானது, உறங்கியவரை எழுப்பவேண்டிய பணியே அந்தப் பூட்டுக்காகச் சுழன்றுகொண்டிருப்பது. அப்போது யாரும் யாரையும் எழுப்ப வழியில்லாமல் இயந்திரம் ஸ்தம்பித்துவிடுகிறது. குறுக்கீடுகளை அடைத்துவிட்டு உறங்கும் பணிக்கு நேரும் விபரீதம் வேறு வகையானது. அது உறங்கப்போனதும் அடைத்த கதவு தானாகவே திறந்துகொள்ளும். யாரும் தொடமாட்டார்கள் என்று நம்பி நடுவில் விட்டுப்போன தரவு, அது திரும்பி வரும்போது வேறு கை பட்டுக் கலைந்திருக்கும். இந்தச் சேதம் உடனே தெரியாது. வேறெங்கோ, வேறெப்போதோ, சம்பந்தமில்லாத ஓரிடத்தில் வெடிக்கும்.

இத்தகைய தவற்றைப் பிடிப்பதற்குக் கெர்னலில் ஒரு சாதுரியமான ஏற்பாடு இருக்கிறது. உறங்க நேரக்கூடிய ஒவ்வொரு பணிமுறையும், தன் வாசற்படியிலேயே, 'மைட் ஸ்லீப்' என்ற ஒரு சிறு சோதனையைச் செய்யும். அதாவது, 'நான் உறங்கினாலும் உறங்குவேன், இப்போது உறங்கலாமா?' என்று சூழ்நிலையை விசாரித்துக்கொள்ளும். உண்மையாகவே உறங்கவேண்டிய தேவை வந்ததா இல்லையா என்பது அங்கே கேள்வியில்லை. மியூடெக்ஸ் என்னும் பூட்டைக் கேட்கும் பணி, பெரும்பாலான வேளைகளில் அது காலியாக இருப்பதால் உறங்காமலே பெற்றுக்கொண்டு போய்விடும். நினைவகம் கேட்கும் பணிக்கும் அநேகமாக உடனே கிடைத்துவிடும். உறங்காத பணியின்மீது உறக்கக் குற்றம் சாட்டுவது அநியாயம் என்று சிலர் சலித்துக்கொள்வது இதனால்தான். எனக்கோ இந்தச் சோதனையின் சிறப்பே இதில்தான் இருப்பதாகப் படுகிறது. உறக்கம் நேர்ந்த அன்றுதான் புகார் எழும் என்று வைத்திருந்தால், சோதனைச்சாலையில் ஒருபோதும் நேராத அந்த உறக்கம், நினைவகம் நெருக்கடிப்படும் ஒரு நாளில் வாடிக்கையாளர் கையில் இருக்கும் இயந்திரத்தில்தான் முதன்முதலாக நேரும்.

இங்கே, பலர் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. அட்டாமிக் நிலையில் இருக்கிறோமா என்று அறிவதற்குக் கெர்னல் ஓர் எண்ணிக்கையை வைத்திருக்கிறது. ஸ்பின்லாக்கை எடுக்கும்போது அது ஒன்று கூடும், விடும்போது ஒன்று குறையும். ஆனால் ஓடும் பணியை நடுவில் நிறுத்திப் பிராசசரை வேறொன்றுக்குக் கொடுக்கும் இடைமறிப்பு இல்லாமல் கட்டப்பட்ட கெர்னலில், வேகத்தை முன்னிட்டு, ஸ்பின்லாக்குகளுக்காக இந்த எண்ணிக்கையை வைத்துக்கொள்வதே இல்லை. அட்டாமிக் உறக்கத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை விருப்பத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டினால்தான் எண்ணிக்கையும் உடன் வரும். ஆகவே, 'எங்கள் கெர்னலில் அப்படி ஒரு புகாரே வருவதில்லை' என்று பெருமையோடு சொல்பவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அந்தக் கெர்னலில் எண்ணுவதற்கு யாராவது இருக்கிறார்களா என்பதுதான்.

துவக்க வேளைக்கு வருவோம். கெர்னலின் முதல் சில நொடிகள், பின்னால் வரும் வாழ்க்கையின் விதிகள் எவையும் பொருந்தாத ஒரு விநோதமான காலம். ஒரே ஒரு பிராசசர் விழித்திருக்கிறது, குறுக்கீடுகள் அடைக்கப்பட்டிருக்கின்றன, ஸ்வாப்பர் என்று பெயர் கொண்ட, பூஜ்யம் என்ற எண்ணுள்ள ஒரே பணி எல்லாவற்றையும் செய்கிறது. அது உறங்கினால் பிராசசரைக் கொடுப்பதற்கு இரண்டாவது பணி இல்லை. இதனால் சில பிரத்தியேக ஏற்பாடுகளைச் செய்திருக்கிறார்கள். நினைவகம் கேட்கும்போது 'தேவையானால் காத்திருக்கிறேன்' என்று குறிப்பிட்டுக் கேட்டாலும், அந்தக் குறிப்பை ஒரு திரை மறைத்துக் காத்திராமலே பதில் சொல்லும்படி செய்துவிடுகிறது. ஷெட்யூலர் முழுமையாகத் தயாரான பின்னரே அந்தத் திரை விலக்கப்படுகிறது. இந்தக் கட்டத்தின் முடிவில் பூஜ்ய எண் பணி, ஒன்று என்ற எண்ணுள்ள இனிட் பணியையும், இரண்டு என்ற எண்ணுள்ள, மற்றக் கெர்னல் பணிகளையெல்லாம் பெற்றெடுக்கப்போகிற பணியையும் படைத்துவிட்டு, யாருக்கும் வேலை இல்லாதபோது பிராசசரைக் காத்திருக்கும் ஐடில் பணியாகத் தான் மாறிவிடுகிறது. அந்தக் கணத்திலிருந்து உறக்கம் என்பது பொருளுள்ள செயலாகிறது. ஆனால் துவக்கம் அந்தக் கணத்தில் முடிந்துவிடவில்லை. மற்றப் பிராசசர்களை எழுப்புவதும், டிரைவர்களை ஒவ்வொன்றாகத் தொடங்கிவைப்பதுமான பெரும்பகுதி வேலை அதற்குப் பின்னர்தான் நடக்கிறது.

முதற்பகுதிக்கு விலக்கு அளிப்பதில் நியாயம் இருக்கிறது. குறுக்கீடுகள் அடைபட்ட அந்த நேரத்தில் மியூடெக்ஸைக் கேட்பது விதிப்படி குற்றமானாலும், போட்டிக்கு வேறு யாருமே இல்லாததால் தீங்கு விளையாது. அங்கே சோதனையை நடத்தினால் வீண் புகார்கள்தான் குவியும். ஆனால் இந்த நியாயமான விலக்கு நாளடைவில் தன் எல்லையை மீறி, துவக்கம் என்ற பெயருக்குள் அடங்கிய அனைத்துக்கும் பரவி நின்றது. 'பூட் ஆகிக்கொண்டிருக்கிறது', 'இயங்குகிறது' என்ற இரண்டே நிலைகளைத்தான் அந்தச் சோதனை வேறுபடுத்திப் பார்த்தது. முதலாவது முடியும் வரையில் அது வாய் திறக்கவில்லை. ஷெட்யூலர் வேலை செய்யத் தொடங்கி, பணிகள் உறங்கி எழுந்து, பிராசசர்கள் ஒவ்வொன்றாக விழித்து, எண்ணற்ற டிரைவர்கள் தங்கள் பூட்டுகளை எடுத்தும் விட்டும் ஓடிக்கொண்டிருந்த, உண்மையில் இயந்திரத்தின் வாழ்நாளிலேயே மிகவும் நெரிசலான அந்த நேரம் முழுவதும் காவல் இல்லாமல் கழிந்தது. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் கெர்னல் பொறியாளர் தாமஸ் கிளைக்ஸ்னர் இதற்கு ஒரு முடிவு கட்டினார். இரண்டு நிலைகளுக்கு நடுவே 'ஷெட்யூலிங்' என்ற மூன்றாவது நிலையைச் சேர்த்து, முதலிரண்டு பணிகள் படைக்கப்பட்டவுடனேயே சோதனை விழித்துக்கொள்ளும்படி செய்தார். பழைய ஏற்பாடு பிராசசர்களை எழுப்பும் பகுதியிலும் டிரைவர்களைத் துவக்கும் பகுதியிலும் உள்ள பிழைகளை மறைக்கிறது என்பதே அவர் கூறிய காரணம். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த 4.13 பதிப்பிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. சில வரிகளுக்குள் அடங்கிய மாற்றந்தான். எனினும் அதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததே என்பது என்னை யோசிக்க வைக்கிறது.

காவல் விழித்த பின்னரும் சலுகை மனப்பான்மை போய்விடவில்லை என்பதற்கு ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2022-இல், ஆர்ம்64, ரிஸ்க்-வி ஆகிய வகை இயந்திரங்களில், ஒவ்வொரு பிராசசரும் தன்னிடம் உள்ள கேஷ் நினைவகத்தின் விவரங்களை, விழித்தெழும் அந்தக் கணத்திலேயே கண்டறிந்து பதிவு செய்துகொள்ள வேண்டிய அவசியம் உண்டாயிற்று. பதிவு செய்வதற்கு இடம் வேண்டும். இடத்துக்கு நினைவகம் கேட்க வேண்டும். ஆனால் விழித்தெழும் பிராசசரோ குறுக்கீடுகளும் இடைமறிப்பும் அடைக்கப்பட்ட அட்டாமிக் நிலையில் இருக்கிறது. சாதாரண முறையில் கேட்டால் உறக்கப் புகார் எழும் என்பதை உணர்ந்த பொறியாளர்கள், நினைவகம் கேட்கும் முறையை, 'காத்திருக்க மாட்டேன், இருந்தால் கொடு, இல்லையேல் இல்லையென்று சொல்' என்று கேட்கும் அட்டாமிக் முறைக்கு மாற்றினார்கள். புகார் அடங்கியது. 6.0 பதிப்பில் அது வெளிவந்தது. அந்நாளைய விதிகளின்படி அதில் குற்றம் காண்பதற்கில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும், நிகழ்நேர இயக்கத்துக்கென்று தனியே வளர்ந்துவந்த பிரீம்ப்ட்-ஆர்டி என்ற வகைக் கெர்னலில் அதே புகார் மறுபடி தலைகாட்டியது. எந்தப் பணியையும் நெடுநேரம் காக்கவைக்கக் கூடாது என்பது அந்தக் கெர்னலின் விரதம். ஆகையால் அங்கே சாதாரண ஸ்பின்லாக்குகளும்கூட உறங்கும் பூட்டுகளாக மாற்றப்பட்டிருக்கின்றன. நினைவகத்தைப் பங்கிடும் பகுதி தன் உள்வேலைக்கு அத்தகைய பூட்டுகளையே எடுக்கிறது. எனவே 'காத்திருக்க மாட்டேன்' என்று சொல்லிக் கேட்டாலும் அங்கே காத்திருக்க நேரலாம். அப்படி எழுந்த புகாரின் ஓர் அறிக்கையில், குறுக்கீடுகள் அடைபட்டிருப்பதைக் காட்டும் இடத்தில் 128 என்ற எண் இருந்தது. அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. ஆர்ம் பிராசசரின் நிலைப்பதிவேட்டில் குறுக்கீடு அடைப்பைக் குறிக்கும் பிட்டின் மதிப்பு அவ்வளவுதான். இண்டெல் வகை இயந்திரத்தில் அதே இடத்தில் 1 என்று இருக்கும். பணியின் எண் பூஜ்யம், பெயர் ஸ்வாப்பர்/111. அதாவது, நூற்றுக்கு மேற்பட்ட பிராசசர்களைக் கொண்ட ஒரு பெரிய இயந்திரத்தில், 111 என்ற எண்ணுள்ள பிராசசரின் ஐடில் பணி, தன் பிராசசரை எழுப்பிக்கொண்டிருக்கும்போதே உறங்க முற்பட்டிருக்கிறது. ஐடில் பணி எந்த நிலையிலும் உறங்கவே கூடாத ஒன்று. ஓட வேறு எவரும் இல்லாதபோது ஓடுவதற்காகவே அது இருக்கிறது. அதுவும் உறங்கிப்போனால் ஷெட்யூலர் யாரைத் தேடிப் போகும்?

இந்த அறிக்கையைப் படிக்கும் முறையில்தான் தேர்ந்தவருக்கும் தேராதவருக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. அழைப்புகளின் வரிசையில் மேலே இருப்பது உறங்க முற்பட்ட பூட்டு. அதன்கீழ் நினைவகப் பங்கீடு. அதன்கீழ் கேஷ் விவரங்களைக் கண்டறியும் பணிமுறை. அதன்கீழ் பிராசசர்களின் அமைப்பைப் பதிவு செய்யும் பகுதி. எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டாம் நிலைப் பிராசசரின் துவக்கம். அவசரக்காரர் மேல்வரியைப் பார்த்துவிட்டு அங்கேயே திருத்தத் தொடங்கிவிடுவார். ஆனால் மேலே நிற்பவர் பெரும்பாலும் நிரபராதி. தன் இயல்புப்படி நடந்துகொண்டவர். கதவை அடைத்தவர் யார், அடைத்துவிட்டு உள்ளே எதை அழைத்தார் என்பதைக் கீழிருந்து மேலாகப் படித்தால்தான் அறிய முடியும். இடைமறிப்பு எங்கே அடைக்கப்பட்டது என்று சொல்லும் ஒரு வரியையும், அதற்குரிய சோதனை விருப்பம் இருந்தால், கெர்னல் சேர்த்தே அச்சிடுகிறது. முதலில் படிக்கவேண்டிய அந்த வரி அழைப்பு வரிசைக்கு முன்பே வந்துவிடுவதால் பலருடைய கண்ணில் படுவதேயில்லை.

உண்மையான பரிகாரம் 2023-இல், 6.3 பதிப்பில் வந்தது. கேட்கும் முறையை மறுபடியும் மாற்றிப் பார்க்காமல், கேட்கும் நேரத்தையும் இடத்தையும் மாற்றினார்கள். மற்றப் பிராசசர்களை எழுப்புவதற்கு முன்பாகவே, உறங்குவதற்கு உரிமையுள்ள நிலையில் இருக்கும் முதல் பிராசசர், இயந்திரத்தின் ஃபர்ம்வேர் தரும் வர்ணனையைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட்டு ஒதுக்கிவைத்துவிடுகிறது. விழித்தெழும் பிராசசருக்குத் தயாராக இருக்கும் இடத்தை நிரப்புவதைத் தவிர வேறு வேலையில்லை. இதனால் ஒரு சிறு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பிராசசரைத் தற்காலிகமாக விலக்கும்போது அதன் இடத்தை விடுவிக்கலாகாது. விடுவித்தால், அது மறுபடி எழும்போது இடம் கேட்க நேர்ந்து பழைய புகாரே திரும்பும். ஃபர்ம்வேரில் வர்ணனை இல்லாத இயந்திரங்களில் பழைய வழியே நீடித்தது. ஆர்ம்64 இயந்திரங்களில் அந்த மிச்சத்தைப் பின்னொரு திருத்தம் கவனித்துக்கொண்டது. இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும் என்பதே என் கட்சி. வேலையின் வரிசையில் உள்ள பிழையை வேலையின் வரிசையை மாற்றித்தான் தீர்க்க முடியும்.

இதற்கு மாறாக நடைமுறையில் கையாளப்படும் குறுக்கு வழிகள் ஒன்றல்ல இரண்டல்ல. சோதனை விருப்பத்தையே நீக்கிவிடுவது ஒன்று. அது பற்றிப் பேசுவதே வீண். உறங்கிக் காத்திருக்கும் தாமதத்துக்குப் பதிலாகச் சுழன்று காத்திருக்கும் தாமதத்தை வைப்பது மற்றொன்று. சில மைக்ரோ விநாடிகளுக்கு அது முறை, பல மில்லி விநாடிகளுக்கு அது பிராசசரைக் கட்டிப்போடும் கொடுமை. பூட்டை நடுவழியில் விட்டு, உறங்கவேண்டியதை உறங்கி முடித்து, மறுபடி எடுத்துக்கொள்வது இன்னொன்று. பார்வைக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றும் இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பேன். ஏனெனில் பூட்டு எந்த உண்மையைக் காப்பதற்காக எடுக்கப்பட்டதோ, அந்த உண்மை விட்ட இடைவெளியில் மாறிவிட்டதா என்று திரும்பி வந்து பார்ப்பவர் அரிது. டிரைவர் எழுதுவோர் அடிக்கடி இடறும் இடமும் ஒன்று உண்டு. கடிகார அலையைச் சாதனத்துக்குக் கொடுக்கும் வேலையை லினக்ஸ் இரண்டாகப் பிரித்திருக்கிறது: உறங்கக்கூடிய ஆயத்தம் ஒன்று, அட்டாமிக் நிலையிலும் செய்யத்தக்க இயக்கம் ஒன்று. இரண்டையும் சேர்த்துச் செய்யும் சௌகரியமான ஒரு பணிமுறையும் இருப்பதால், அதை ஸ்பின்லாக்கின் உள்ளே அழைத்துவிட்டு, துவக்க வேளையில் வரும் புகாரைக் கண்டு வியப்படைகிறார்கள். ஐ2சி கம்பி வழியாகப் பேசும் ஜிபிஐஓ சாதனங்களின் விஷயமும் இதேதான். அங்கே ஒரு முனையை ஏற்றி இறக்குவதே உறங்கக்கூடிய காரியம் என்பதால், அதற்கென்று வேறு பெயரில் தனிப் பணிமுறை வைத்திருக்கிறார்கள்.

'எங்கள் சாதனத்தில் ஆர்டி கெர்னல் இல்லை. அதன் கடுமையான விதிகள் எங்களுக்கு எதற்கு?' என்ற கேள்வியை 2022-இல் கேட்டிருந்தால் அதற்குச் சற்று இடம் இருந்திருக்கும். ஏறத்தாழ 20 ஆண்டுகள் வெளியே நின்று வளர்ந்த அந்த மாற்றங்களின் கடைசிப் பகுதி, 2024 செப்டம்பரில், கெர்னல் பொறியாளர்கள் வியன்னாவில் கூடியிருந்தபோது, பொன்னிறத் தாளில் சுற்றிய அச்சுப் பிரதியாகக் கிளைக்ஸ்னர் கையிலிருந்து லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டொர்வால்ட்ஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பொறியாளர்களின் வாழ்வில் அபூர்வமாகக் காணக்கூடிய அலங்காரம். அவர்கள் அதற்கு உரியவர்களே. அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்த 6.12 பதிப்பு முதல், ஆர்டி என்பது பிரதானக் கெர்னலிலேயே எவரும் தேர்ந்தெடுக்கக்கூடிய விருப்பம். ஆலைகளிலும் வாகனங்களிலும் அதைத் தேர்ந்தெடுக்கப்போகிறவர்கள், இதுவரை தங்கள் டிரைவர்களில் தூங்கிக்கொண்டிருந்த பிழைகளைத் துவக்கத்தின் முதல் விநாடிகளிலேயே சந்திக்கப்போகிறார்கள். உண்மையாகவே உறங்காத பூட்டு தேவைப்படும் இடங்களுக்கு 'ரா' ஸ்பின்லாக் என்று ஒன்று உண்டு. புகார் வந்த இடத்திலெல்லாம் யோசனையின்றி அதை வைத்து அடைப்பது, ஆர்டி கெர்னலின் நோக்கத்தையே கெடுக்கும் காரியம் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

சோதனையால் வேகம் குறைகிறது, விற்பனைக்குப் போகும் கெர்னலில் அதை வைத்திருக்க முடியாது என்ற ஆட்சேபம் நியாயமானதே. எவரும் அதை விற்பனைக் கெர்னலில் கேட்கவில்லை. ஃபெடோரா போன்ற விநியோகங்கள் சோதனைகளோடு கூடிய கெர்னலைத் தனியே கட்டித் தருகின்றன. பிரதானக் கெர்னலுக்கு வரும் மாற்றங்களைப் பல வகையாகக் கட்டிப் பூட் செய்து பார்க்கும் தானியங்கி ஏற்பாடுகளும் இடைவிடாமல் நடக்கின்றன. இருளில் இருப்பது, பிரதானக் கெர்னலுக்கு வராமல் உற்பத்தியாளரின் அலமாரிக்குள்ளேயே எழுதி, அங்கேயே மூடி, அப்படியே சாதனத்தோடு விற்கப்படும் டிரைவர்கள். அவற்றை வெளியார் எவரும் பூட் செய்து பார்க்க இயலாது.

ஆகவே என் கோரிக்கை வாங்குவோரை நோக்கியது. ஆயிரக்கணக்கில் சாதனங்களை ஒப்பந்தம் போட்டு வாங்கும் அரசுத் துறைகளும், வங்கிகளும், போக்குவரத்துக் கழகங்களும், விலையையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதும் அதே தாளில், அட்டாமிக் உறக்கச் சோதனையோடு கட்டிய கெர்னலில் அந்தச் சாதனம் பூட் ஆனபோது கிடைத்த முழுப் பதிவையும் தரவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். உற்பத்தியாளருக்கு இதனால் ஆகும் செலவு, ஒரு விருப்பத்தைத் திருத்தி இன்னொரு முறை கட்டுவதும், சில முறை மின்சாரத்தை நிறுத்திக் கொடுப்பதுந்தான். அந்தப் பதிவை வாங்கிப் பார்ப்பவர் மட்டும் ஒரு விஷயத்தில் ஏமாறாதிருக்க வேண்டும். திரையைப் புகார்களால் நிரப்பக் கூடாது என்று, இந்தச் சோதனை ஒரு விநாடிக்கு ஒரு புகாருக்கு மேல் அச்சிடுவதில்லை. துவக்க வேளையில் ஒரே விநாடிக்குள் பல டிரைவர்கள் தவறு செய்தாலும் முதலாவதன் பெயர்தான் தாளில் இருக்கும். மற்றவை அதன் நிழலில் தப்பிவிடும். எனவே, 'ஒரே ஒரு புகார் இருந்தது, அதையும் திருத்திவிட்டோம்' என்ற கடிதத்தோடு பழைய பதிவையே இணைத்து அனுப்பினால் ஏற்றுக்கொள்ளலாகாது. திருத்திய பிறகு மறுபடி பூட் செய்து, அடுத்த பெயர் எதுவும் வரவில்லை என்று காட்டும் புதிய பதிவைக் கேட்டு வாங்க வேண்டும்.